கேபிளா, சிலிண்டரா, முழு செட்டா? கட் ஆகாத கிளட்சுக்கு எதில் காசைப் போடுவது

பாம்பன் சாலைப் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் படம் எடுக்க முன்னால் போகிறவர் திடீரென்று நிறுத்துவார், பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். அப்படி நின்ற ஓர் இடத்தில்தான் என் காரில் முதல் கியர் விழ மறுத்தது. மிதியைத் தரையோடு அழுத்தியிருக்கிறேன், லீவர் பாதி தூரம் போய் முட்டுகிறது. ரிவர்ஸில் தள்ளிப் பார்த்தால் 'கர்ர்ர்' என்று பல் அரைக்கிற சத்தம். பின்னாலிருந்து ஹாரன் மழை. எஞ்சினை அணைத்தேன். அணைத்ததும் அதே கியர் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோல் உட்கார்ந்துகொண்டது. சரி என்று முதல் கியரிலேயே வைத்து, மிதியை அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு குதி குதித்து நகர்ந்தது. அப்படியே ஊர்ந்து பாம்பனில் இறங்கி, ஒரு டீக்கடை ஓரம் சேர்த்தேன்.

டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று பேர் மூன்று யோசனை சொல்லிவிட்டார்கள். கேபிளை டைட் வைத்தால் போதும் என்றார் ஒருவர். ஆயில் குறைந்திருக்கும் என்றார் இன்னொருவர். என்னுடையது கேபிள் வண்டி, அதில் கிளட்சுக்கு ஆயிலே கிடையாது. மூன்றாமவர் அடித்துச் சொன்னார்: "பிளேட் போச்சு தம்பி. கியர்பாக்ஸை எறக்கி செட்டு மாத்திருங்க, அஞ்சு வருசத்துக்குக் கவலை இல்ல." செட்டு என்றால் கிளட்ச் பிளேட், அதை எஞ்சினோடு அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், அதை விலக்கத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தது. நான் மூன்றாமவர் பேச்சைக் கேட்டேன். எந்த ஷெட் என்று சொல்லப் போவதில்லை. ஒரு பகல் முழுக்க வேலை, ஐந்திலக்கத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்த ஒரு ரசீது. மறுநாள் காலையில் வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டேன். கர்ர்ர்.

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் இதைக் 'கிளட்ச் கட் ஆகலை' என்பார்கள். இதற்குக் காசு செலவழிக்கும் வழிகள் நாலைந்து இருக்கின்றன. எதை முதலில் செய்வது என்பதைத் தப்பான வரிசையில் படித்தவன் எழுதுகிற ஒப்பீடு இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். கிளட்சுக்கு இரண்டு விதமான நோய் உண்டு. ஒன்று, பிடிக்காத நோய். ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. மற்றது விடாத நோய். மிதியை முழுக்க அழுத்தினாலும் எஞ்சினின் சுழற்சி கொஞ்சம் கியர்பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கும். பிளேட் தேய்ந்தால் வருவது பெரும்பாலும் முதல் நோய். பிளேட் மெலிய மெலிய பிரஷர் பிளேட்டின் விரல்கள் (அதன் ஸ்பிரிங் நுனிகள்) ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வரும், கேபிள் வண்டியில் மிதியின் ஃப்ரீ ப்ளே (கிளட்ச் அசையத் தொடங்கும் முன் மிதி சும்மா இறங்குகிற தூரம்) குறைந்துகொண்டே போகும். அதாவது தேய்மானம் வண்டியைப் பிடிக்காத பக்கம்தான் தள்ளும். ஆகவே, கட் ஆகவில்லை என்றதும் பிளேட் போச்சு என்கிறவரிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் பேசவில்லை.

மிதி கீழே போவது 13, 14 சென்டிமீட்டர் இருக்கும். அது கேபிள் வழியாகவோ ஆயில் வழியாகவோ போய் ஃபோர்க் என்கிற கவட்டை நெம்புகோலை அசைத்து, ஃபோர்க் பேரிங்கைத் தள்ளி, பேரிங் விரல்களை அழுத்தி, கடைசியில் உள்ளே பிரஷர் பிளேட் விலகுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியில்தான் கிளட்ச் பிளேட் எதையும் தொடாமல் நிற்க வேண்டும். கிணற்றுக் கயிறு தொய்ந்திருந்தால் நாம் இழுக்கிற முதல் முழம் வாளிக்குப் போய்ச் சேராது; இங்கேயும் அதேதான். வழியில் எங்காவது கொஞ்சம் அசைவு தொலைந்தால் முடிவில் வண்டி விடாது. எனவே, உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அசைவு தொலைவது கியர்பாக்ஸுக்கு வெளியிலா, உள்ளேயா? வெளியே என்றால் செலவு நூறுகளில், மிஞ்சினால் ஒன்றிரண்டு ஆயிரத்தில் முடியும். உள்ளே என்றால்தான் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரமும் ஒரு பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். அதற்கு முன்னால் காலடியில் கிடக்கிற மிதியடியைத் தூக்கி எறியுங்கள். சிரிக்காதீர்கள், தடிமனான ரப்பர் மிதியடி சுருண்டு பெடலுக்கு அடியில் மாட்டி, முழு அழுத்தம் கிடைக்காமல் தவித்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுகிறதா என்று பாருங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் கிளட்சின் மேல் பழி போடாமல், கியர் லீவரிலிருந்து போகிற கம்பியையோ கேபிளையோ சந்தேகப்படுங்கள். சுலபமாக விழுகிறது என்றால் எஞ்சினை ஓடவிட்டு, மிதியை முழுக்க அழுத்தி, பத்து எண்ணிவிட்டு, மெதுவாக ரிவர்ஸைத் தொடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தி மாட்டவிடுகிற வளையம்) கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. அரைத்தால் கிளட்ச் விடவில்லை என்றே அர்த்தம்.

அடுத்ததுதான் முக்கியம். எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, ஒருவர் மிதிக்க, ஒருவர் கியர்பாக்ஸ் மேல் இருக்கிற ஃபோர்க் லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே அதே மாடலில் ஒழுங்காக ஓடுகிற இன்னொரு வண்டியைத் தேடிப் பிடித்து அதையும் அளப்பதுதான் நல்லது. மண்டபத்தில் ஒரு நண்பரிடம் என் மாடலே இருந்தது. அவர் வண்டியில் 28. என்னுடையதில் 19. புது செட்டு போட்ட பிறகு அளந்தது இது! ஒன்பது மில்லிமீட்டர் எங்கேயோ களவு போகிறது, அதுவும் கியர்பாக்ஸுக்கு வெளியே.

களவு போன இடத்தை மிதித்துக்கொண்டிருந்த என் மகன் கண்டுபிடிக்கவில்லை, பானெட்டுக்குள் குனிந்திருந்த நானும் கண்டுபிடிக்கவில்லை. டார்ச் பிடித்துக்கொண்டு சும்மா நின்ற நண்பர்தான், "மாப்ளே, அந்தத் தகடு மூச்சு விடுதுடா" என்றார். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே நிற்கிற ஃபயர்வால் தகட்டில்தான் கேபிளின் வெளி உறை வந்து உட்காரும். பதினோரு வருட உப்புக்காற்றில் அந்த இடத்தைச் சுற்றித் தகடு அப்பளம்போல் ஆகியிருந்தது. மிதிக்கிறபோதெல்லாம் கேபிள் இழுபடுவதற்குப் பதிலாகத் தகடு வளைந்து கொடுத்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பியது. பெயிண்ட் மேலே பூசியிருந்ததால் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினோம். செதில் செதிலாகக் கொட்டியது. துரு தின்ற பகுதியை வெட்டியெடுத்து, கனமான ஒரு தகட்டை வெல்டிங் வைத்து, துருவுக்கு எதிரான பெயிண்ட் அடித்து, அதோடு ஒரு புதுக் கேபிளும் போட்டேன். மொத்தச் செலவு, செட்டுக்கு நான் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே இந்தக் கடற்கரையில் ஓடுகிற கேபிள் வண்டிக்கு என் வாக்கு முதலில் வெளிப்பக்கத்துக்கே. மாருதி 800, ஆம்னி, ஆல்டோ மாதிரி வண்டிகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மீன் பெட்டி ஏற்றுகிற ஆம்னி வைத்திருப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் சும்மா தண்ணீர் இல்லை, தரைத் தகட்டையும் பெடல் பிராக்கெட்டின் அடியையும் ஒரே சீசனில் அரிக்கத் தொடங்கிவிடும்.

கேபிளை டைட் வைப்பதா, மாற்றுவதா என்று கேட்டால், டைட் வைப்பதை நான் மருந்தாகப் பார்ப்பதில்லை, நாடி பிடித்துப் பார்ப்பதாகவே பார்க்கிறேன். மிதியில் பொதுவாக 15 முதல் 25 மில்லிமீட்டர் ஃப்ரீ ப்ளே இருக்கும், சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் உண்டு. ப்ளே கூடியிருந்தால் நட்டைத் திருகிச் சரி செய்யலாம், ஐந்து நிமிட வேலை. இரண்டு வாரத்தில் மறுபடி தொய்ந்தால் கேபிள் உள்ளே இழை இழையாக அறுந்துகொண்டிருக்கிறது, அல்லது என் வண்டிபோல் எதுவோ வளைகிறது. நட்டு மரையின் கடைசிக்கே வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், கேபிளை மாற்றுங்கள். கட் ஆகட்டும் என்று ப்ளேயே இல்லாமல் இறுக்கி வைக்கிற பழக்கம் ஒன்று உண்டு. வண்டி அன்றைக்குக் கட் ஆகும், ஆனால் பேரிங் எந்நேரமும் விரல்களை உரசிக்கொண்டே ஓடி, நல்ல பிளேட்டும் வழுக்க ஆரம்பித்துவிடும். ஒரு நோயைக் கொடுத்து இன்னொரு நோயை வாங்கின கதை. புதுக் கேபிள் வாங்கும்போது உறையின் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், உப்புத் தண்ணீர் இறங்குவது அந்த வழியாகத்தான். உள்ளே நைலான் குழாய் வைத்து வருகிற கேபிளுக்கு எண்ணெய் விட வேண்டாம், மணல்தான் ஒட்டும்.

ஆயில் கிளட்ச் வேறு உலகம். அங்கே கேபிளுக்குப் பதில், பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற ஆயில் கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரை அசைக்கும். அங்கே மிதியைத் தொடர்ந்து நாலைந்து முறை அடித்துப் பாருங்கள். அடித்த பிறகு கியர் நன்றாக விழுந்தால், லைனில் காற்று இருக்கிறது அல்லது சிலிண்டர் ரப்பர் போயிருக்கிறது. கேபிள் வண்டியில் எத்தனை தடவை அடித்தாலும் வித்தியாசம் தெரியாது. இன்னொன்று, மிதியை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தால் முதலில் நன்றாக இருந்த கிளட்ச் மெல்ல மெல்லப் பிடிக்க ஆரம்பிக்கிறதா? வெளியே ஒழுகவும் இல்லையா? மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டி ஆயில் பின்வாங்குகிறது.

ஆயில் அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போவது பெரிய தப்பு. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்சுக்குப் போகிற குழாய் சற்று மேலே வைக்கப்பட்டிருக்கும், ஆயில் குறைந்தால் கிளட்ச் முதலில் போய், பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சட்டும் என்கிற ஏற்பாடு. எனவே கிளட்ச் போய் டப்பாவும் காலியாக இருந்தால், பிரேக் லைனையும் சேர்த்துப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. கையேடு சொல்கிற டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற வேண்டாம். எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ பட்டால் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

ஏர் எடுப்பதா, கிட் போடுவதா, சிலிண்டரையே மாற்றுவதா? ஏர் எடுப்பது மலிவு, செய்து பார்க்கலாம். ஆனால் மூடிய லைனில் காற்று தானாக வராது. வந்த வழி ஒன்று இருந்தே தீரும். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் வழி அதுதான். மாஸ்டருக்கு, பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், கார்ப்பெட்டில் கறை இருக்கும். கிட் என்கிற ரப்பர் செட் விலை குறைவு. மதுரையில் ஓடுகிற வண்டி என்றால் நான்கூட அதையே சொல்லியிருப்பேன். இங்கே சொல்ல மாட்டேன். இந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். மாற்றாமல் விட்ட வண்டியில் சிலிண்டரின் உள் சுவரில் அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருக்கும். அந்தச் சுவரில் புது ரப்பர் ஓடினால் நாலு மாதத்தில் கிழியும். முழு சிலிண்டராகவே மாற்றிவிடுங்கள்.

சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியில் இருக்காது. பேரிங்கோடு சேர்ந்து கியர்பாக்ஸின் மணி வடிவ முன் உறைக்குள் (பெல் ஹவுசிங்) வளையமாக உட்கார்ந்திருக்கும். அளந்து பார்க்க வெளியே லீவரே கிடையாது. கியர்பாக்ஸும் எஞ்சினும் சேர்கிற இடத்தில் அடியில் பிரேக் ஆயில் ஈரம் தெரிந்தால் கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும். இறக்கிய கையோடு கிளட்ச் செட்டையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், கூலி ஒன்றுதானே.

சரி, முழு செட்டு எப்போது? லீவர் முழு அளவு நகர்ந்தும் ரிவர்ஸ் அரைத்தால். அப்போது குறை உள்ளேதான். பிளேட் கோணியிருக்கலாம். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு மணலில் இறக்கிவிட்டு, சக்கரம் புதைந்ததும் அரைக் கிளட்சில் உறுமுவதைப் பார்த்திருப்பீர்கள். பத்து நிமிடம் அந்தக் கருகல் வாடை அடித்தால் பிளேட் சூட்டில் கோணுவதற்குப் போதும். பிரஷர் பிளேட் விரல் உடைந்திருக்கலாம், ஃபோர்க் வளைந்திருக்கலாம், பிளேட் நடுவே இருக்கிற பல்துளை ஷாஃப்ட்டில் துருப்பிடித்து நகராமல் நிற்கலாம்.

இறக்குவது என்று முடிவானால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பேரிங் நல்லாத்தானே இருக்கு என்று மிச்சம் பிடிப்பவர் இரண்டாவது முறை கூலி கொடுப்பார். ஃப்ளைவீலில் (கிளட்ச் பிளேட் ஒட்டி நிற்கிற எஞ்சின் சக்கரம்) சூட்டுப் புள்ளிகள் இருந்தால் லேத்துக்குப் போகட்டும், எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்த்துவிடட்டும். பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். என் பழைய பிளேட்டைப் பிறகு கையில் வாங்கிப் பார்த்தபோது ரிவெட்டுக்கு மேலே நல்ல தடிமன் பாக்கி இருந்தது. வயிறு எரிந்தது.

செட்டு போட்டு வந்த மறுநாளே கட் ஆகவில்லை என்றால் மூன்று காரணங்களை நினைவில் வையுங்கள். ஒன்று என்னுடையது, வெளியே இருந்த குறையைத் தொடாமல் விட்டது. இரண்டாவது, பிளேட்டைத் திருப்பி மாட்டிவிட்டது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. மாட்டும்போது கியர்பாக்ஸின் கனத்தைத் தாங்கிப் பிடிக்காமல் பிளேட்டின் மேலேயே தொங்கவிட்டால் புது பிளேட் அங்கேயே கோணிவிடும். கியர்பாக்ஸ் ஜாக் இருக்கிறதா, ஆள் பிடித்து ஏற்றுவார்களா என்று முன்பே கேட்பதில் வெட்கமில்லை.

இந்த ஒப்பீட்டில் தனியாக நிற்கிற ஒரு வகை உண்டு: நின்றே கெட்டது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஆள் இருக்கும், போர்ட்டிகோவில் கார் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம், அப்போது மீன் வண்டிகளும் சேர்ந்து படுத்துவிடும். மிதி நன்றாக இருக்கும், லீவர் முழுக்க நகரும், கிளட்ச் மட்டும் விடவே விடாது. ஃப்ளைவீலும் பிளேட்டும் ஈரக்காற்றில் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். போன பெருநாளுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), ஏழு மாதம் நின்ற வண்டிக்குச் செட்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று புலம்பினார். "காக்கா, ஒரு மணி நேரம் குடுங்க, அப்பறம் எறக்கிக்கலாம்" என்றேன்.

ஊருக்கு வெளியே உப்பளத்துப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத திடலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு அணைத்தோம். இரண்டாவது கியரில் வைத்து, மிதியை முழுக்க அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்ததும் வண்டி கிளம்பிவிட்டது. மிதியைத் தரையோடு அழுத்தியபடியே ஆக்சிலேட்டரைக் கொடுப்பதும் விடுவதுமாக ஓட்டினார், நடுநடுவே பிரேக்கைத் தொட்டார். ஏழெட்டுச் சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் தனியாக உறுமியது. விட்டுவிட்டது. முன்னால் சுவர், ஆள், ஆடு எதுவும் இல்லாத இடத்தில் மட்டுமே இதைச் செய்யலாம். அரைமணி நேரத்தில் விடவில்லை என்றால் நிறுத்திவிட்டு இறக்கக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் பிளேட்டின் மேலிருக்கிற உராய்வுப் பட்டை பிய்ந்து வரும். இப்போது காக்கா வீட்டில் லாத்தா (அக்கா) வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து மிதியைப் பத்து தடவை அழுத்தி விடுகிறார்.

எங்கே கொடுப்பது என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. கேபிள், ஏர், வெல்டிங் எல்லாம் உச்சிப்புளியிலோ மண்டபத்திலோ ரோட்டோர ஷெட்டிலேயே முடியும், உப்புத் துருவை நம் ஊர் மெக்கானிக்கைவிட யாரும் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். கியர்பாக்ஸ் இறங்க வேண்டும் என்றால் ராமநாதபுரத்தில் ஜாக்கும் லேத்தும் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மதுரைக்குப் போவது, வாரண்டி இருந்தாலோ உள்ளே வளைய சிலிண்டர் வைத்த வண்டியாக இருந்தாலோ மட்டும் நியாயம்.

வழியில் நின்றால் ஓட்டிக்கொண்டு வருவதா, ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுவதா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலியான நேரம், பத்து கிலோமீட்டருக்குள் ஷெட் என்றால் நான் ஓட்டுவேன், கியரிலேயே ஸ்டார்ட் செய்து இரண்டாவது கியரோடு. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டினால், இனி ஓட்ட மாட்டேன். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஒதுங்க இடமில்லாத பாலம், எங்கே யார் படம் எடுக்க நிற்பார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை கியரைத் திணிக்கும்போதும் உள்ளே சிங்க்ரோ வளையம் தேய்கிறது, அந்தச் செலவு கிளட்ச் செட்டையும் தாண்டும்.

இப்போது என் டிக்கியில் ஒரு புதுக் கேபிள் சுருட்டிக் கிடக்கிறது. கூடவே அந்த ஸ்கேல். அதன் முனையில் பேனாவால் 28 என்று எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் அளந்தபோது 27 இருந்தது.